கடற்கரையில் உழவாரம்: ஒரு விடுமுறை வேலை கற்றுத் தந்த பாடம்



மே மாதம் பிறந்ததும் நம் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றும். "ஜூன் லீவுக்கு ஏதாச்சும் வேலை இருக்கா?" கிளமெண்டி கடைத்தொகுதியில் காசாளர் வேலை, துணைப்பாட நிலையத்தில் உதவியாளர் வேலை, கிடங்கில் பொருள் அடுக்கும் வேலை என்று பதில்கள் வரும். நானும் அப்படித் தேடியவள்தான். தேடப் போய்க் கிடைத்தது கடற்கரை வேலை. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டும் ஜூன் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். குப்பை பொறுக்கவும், பொறுக்கியதைப் பற்றி யோசிக்கவும் அவர்களுக்குச் சொல்லித் தரும் வழிநடத்துநர் வேலை.

இந்த மாத வாசிப்பு வட்டத்துக்கு அந்த வேலையையே பாடமாக எழுதித் தரச் சொன்னார்கள். வேலையில் எப்படிச் சேர்வது என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், அந்தக் கரையில் ஒரு சின்னப் பையன் என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்லியாக வேண்டும். அவனுக்கு அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

1. ஜூன் மாதத்தில் ஏன்?

பள்ளி விடுமுறை என்பதால் ஜூனில் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதிக் காரணம். மறுபாதி காற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் காற்று கடலில் மிதப்பதையெல்லாம் தீவின் தெற்குக் கரைகளுக்குத் தள்ளிவிடுகிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கடற்கரையில் இந்த மாதங்களில் ஒதுங்கும் குப்பை அதிகம். ஆண்டு இறுதியில் காற்று வடகிழக்குக்கு மாறும்போது குப்பை ஒதுங்கும் கரையும் மாறும். உழவனுக்குப் பருவம் இருப்பதுபோல் கரை கூட்டுகிறவர்களுக்கும் பருவம் இருக்கிறது.

இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது? "எல்லாம் பக்கத்து நாட்டுக்காரங்க போடறது" என்று சொல்லிவிடுவது சுலபம். கொஞ்சம் அங்கிருந்தும் வருகிறது, கப்பல்களிலிருந்தும் வருகிறது. ஆனால் நம் கிளமெண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் நமக்குக் கடல் தெரியாது. ஆனாலும் புளோக்குகளுக்குப் பின்னால் ஓடும் உலு பாண்டான் கால்வாய் பாண்டான் ஆற்றில் கலந்து கடலுக்குத்தான் போகிறது. உணவங்காடியில் மேசையிலிருந்து காற்றில் பறந்த கோப்பை மூடி மழைநீர்க் கால்வாயில் விழுந்தால் அதற்கும் அதே வழிதான். பொதுப் பயனீட்டுக் கழகம் கால்வாய்களில் மிதவைத் தடுப்பு போட்டு நிறையக் குப்பையைப் பிடிக்கிறது. எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. நல்ல மழை பெய்து விட்டதும் கால்வாய்ப் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், புரியும்.

2. வேலை எப்படி இருக்கும்?

காலை ஏழரை மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஓத அட்டவணை பார்க்க வேண்டும். வற்று நேரத்தில்தான் வேலை. நீர் ஏறிவிட்டால் பிள்ளைகளை இறக்க முடியாது. மின்னல் எச்சரிக்கை வந்தால் அந்த நிமிடமே கூரைக்கு அடியில் கூட்டிப்போக வேண்டும். கையுறை, மூடிய காலணி, தொப்பி, தண்ணீர்ப் புட்டி இல்லாத பிள்ளை கரைக்கு வரக்கூடாது. கண்ணாடித் துண்டு, ஊசி போன்றவற்றைப் பிள்ளைகள் தொடக்கூடாது. நம்மைக் கூப்பிட வேண்டும்.

எதை எடுக்கக்கூடாது என்பதையும் சொல்லித் தர வேண்டும். காய்ந்த இலை, கடற்புல், மரக்கட்டை, கிளிஞ்சல் எல்லாம் குப்பை இல்லை. துறவி நண்டுக்குக் காலிச் சங்குதான் வீடு. "அழகா இருக்கு அக்கா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று ஒரு பிள்ளை சங்கை நீட்டும்போது, "அதுக்குள்ள யாராச்சும் குடி வரணும்டா" என்று சொன்னால் உடனே திருப்பி வைத்துவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரிகிறது.

நான்கு பேர் ஒரு குழு. இருவர் பொறுக்குவார்கள், ஒருவர் பை பிடிப்பார், ஒருவர் எழுதுவார். எழுதும் வேலை யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் அதுதான் இந்த வேலையின் உயிர்.

3. எண்ணுவது எதற்கு?

1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு கடற்கரைத் துப்புரவுக்கு ஏற்பாடு செய்தார்கள். சுமார் 2,800 பேர் வந்தார்கள். வந்தவர்களிடம் அவர்கள் வைத்த வேண்டுகோள் புதுமையானது: குப்பையை அள்ளினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றும் என்ன என்று எழுதுங்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்து மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டி உலகம் முழுவதும் நடக்கிறது.

சிங்கப்பூர் இதில் 1992இல் சேர்ந்தது. பல ஆண்டுகள் இங்கே இதை ஒருங்கிணைத்தவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் விரிவுரையாளர் என். சிவசோதி. கிளமெண்டியிலிருந்து 96ஆம் எண் பேருந்தில் ஏறினால் அந்தப் பல்கலைக்கழக வளாகம். அங்கே 2015இல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் ஒரு நாள் அங்கே போய்வந்தால், நம் கரையில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்பது தெரியும். யாருக்காகக் குனிகிறோம் என்று தெரிந்துகொண்டு குனிந்தால் முதுகு அவ்வளவாக வலிக்காது.

எண்ணினால் என்ன தெரியும்? "கடற்கரை அசிங்கமா இருக்கு" என்பது புலம்பல். "இந்த 50 மீட்டரில் இத்தனை சிகரெட் துண்டு, இத்தனை உறிஞ்சுகுழல், இத்தனை புட்டி மூடி" என்பது கணக்கு. கணக்கு இருந்தால்தான் எந்தப் பொருளைத் தடுப்பது, யாரிடம் போய்க் கேட்பது என்று யோசிக்க முடியும். தமிழில் 'எண்ணு' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்: கணக்கிடு, சிந்தி. இரண்டும் ஒரே வேலை என்பதைக் கரையில் கற்றுக்கொண்டேன்.

எண்ணும்போதுதான் பல விவரங்கள் கண்ணில் படும். சிகரெட் துண்டின் பஞ்சு பருத்தி இல்லை, அதுவும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். சோற்றுப் பொட்டலத்து ஃபோம் டப்பா உடைந்து உடைந்து சிறு மணிகளாகும், ஆனால் மக்காது. மணலில் ஜவ்வரிசிபோல் சின்ன உருண்டைகள் கிடக்கும். பிளாஸ்டிக் பொருள் செய்வதற்கான மூலப்பொருள் அது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து, பிறகு மூழ்கியபோது இந்த ஜவ்வரிசி மணிகள்தான் மூட்டை மூட்டையாகக் கடலில் கொட்டி, நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளை வெள்ளையாக மூடின. அந்தக் கப்பல் சிங்கப்பூர்க் கொடி தாங்கிய கப்பல். இலங்கை மீனவர்களின் வலையில் விழுந்த துன்பத்தில் நம் ஊரின் பெயரும் இருந்தது.

4. ஆர்வம் மட்டும் போதாது

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூனிலேயே ஒரு சோதனை வந்தது. 2024 ஜூன் 14ஆம் தேதி, பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வாக்ஸ் மேக்சிமா என்ற தூர்வாரும் கப்பல், நின்றுகொண்டிருந்த மரீன் ஹானர் என்ற எரிபொருள் கப்பல்மீது மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட், செயின்ட் ஜான்ஸ் தீவு என்று கரைகள் கறுத்தன. எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து. நண்பர்கள் ஆளாளுக்கு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள்.

ஆனால் எண்ணெய் படிந்த இடத்துக்குத் தொண்டூழியர்களை விடவில்லை. உடல்கவசம் அணிந்த பயிற்சி பெற்ற ஊழியர்கள் மட்டும் இறங்கினார்கள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பிறகு 2017 ஜனவரி 28இல் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதியதைப் பற்றிப் படித்தேன். அங்கே மீனவர்களும் மாணவர்களும் வாளியாலும் கையாலும் எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள். அவர்களுடைய மனசு பெரியது. ஆனால் அந்த எண்ணெயின் புகையும் பிசுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. உதவ வந்தவரே நோயாளியாகிவிட்டால் அது சேவை ஆகாது. "இப்ப நீ இறங்காதே, அடுத்த வாரம் வா" என்று சொன்னால் கேட்டுக்கொள்வதும் தொண்டில் ஒரு பகுதி. அதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டேன்.

5. அந்தச் சட்டி

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன்.

2025 ஜூன். ஈஸ்ட் கோஸ்ட் கரை. தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு சீனப் பையன், எழுதும் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு மண்சட்டி. சட்டியின் கழுத்தில் மஞ்சள் துணி. அடியில் ஊறிப்போன மாலை, ஊதுவத்திப் பெட்டி, கற்பூர டப்பா.

"இது எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்று கேட்டான். அட்டையில் புட்டிக்குக் கட்டம் உண்டு, மூடிக்கு உண்டு, வலைக்கு உண்டு. இதற்கு இல்லை. பிறகு அவனே கேட்டான்: "இது யாருடையது?"

பதில் எனக்குத் தெரியும். அது யாரோ ஒருவருடைய அப்பாவின் சட்டி. யாரோ ஒருவருடைய அம்மாவின் சட்டி. இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் தாத்தாவின் கருமாதிக்குச் சாங்கி கடற்கரைக்குப் போனோம். அப்பாவும் பெரியப்பாவும் பிண்டம் கரைத்து முடித்ததும், மிச்சமிருந்ததை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி என்னிடம் கொடுத்தார்கள். "இதையும் தண்ணியில விட்டுடும்மா, திரும்பிப் பாக்காம வா" என்றார்கள். விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பையனிடம், "ஒரு வழிபாட்டுப் பொருள். 'மற்றவை' என்ற இடத்தில் எழுதிக்கொள்" என்று மட்டும் சொன்னேன். அவன் ஆங்கிலத்தில் 'வழிபாடு, 1' என்று எழுதினான். அன்று மதியத்துக்குள் அந்த 1, 6 ஆனது.

கரையைத் தினமும் சுத்தம் செய்யும் ஊழியர்களில் ஓர் அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். விடியற்காலையில், நாம் போவதற்கு முன்பே, பெரும்பகுதியை அள்ளி முடித்திருப்பார். அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்த மாதிரிச் சட்டியெல்லாம் அடிக்கடி வருமா?"

"வரும் தங்கச்சி. அமாவாசைக்கு மறுநாள் கூடவே வரும்."

"என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? கண்ணுல ஒத்திக்கிட்டுப் பையில போடுவேன். எங்க அப்பாவுக்கு நான் போக முடியலை. இங்கதான் இருந்தேன். தம்பிதான் எல்லாம் செஞ்சான்."

அதற்குமேல் என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.

6. பை எங்கே போகிறது?

நாம் கடலில் விட்டோம், கடல் ஏற்றுக்கொண்டது என்று நம்புகிறோம். உண்மையில் நடப்பது இதுதான். அந்தப் பை கரை ஒதுங்குகிறது. ஊழியர் எடுக்கிறார். லாரியில் ஏறி எரியாலைக்குப் போகிறது. எரிந்த சாம்பலும், எரியாமல் மிஞ்சிய ஓடும் துவாஸிலிருந்து படகில் ஏறி, நம் நாட்டின் ஒரே குப்பை நிரப்புமிடமான புலாவ் செமாக்காவுக்குப் போகின்றன. 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம் 350 ஹெக்டர் பரப்புள்ளது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

இன்னொரு விவரமும் உண்டு. இறந்தவர்களின் அஸ்தியைக் கடலில் கரைக்க அரசாங்கம் ஒதுக்கியிருக்கும் இடம் எது தெரியுமா? அதே செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்பகுதி. தாத்தாவின் அஸ்தியைப் படகில் கொண்டுபோய் அங்கேதான் முறையாகக் கரைத்தோம். அவருடைய காரியத்துச் சட்டியும் அநேகமாக அதே தீவுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும், ஊரார் குப்பையோடு குப்பையாக. செமாக்காவின் வரைபடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

7. 'கரைத்தல்' என்ற சொல்

"அப்ப நம்ம சடங்கெல்லாம் தப்பா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதால், எங்கள் வீட்டுக் காரியங்களை நடத்தித் தரும் ஐயரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. "நாம என்னம்மா சொல்றோம்? அஸ்தி கரைக்கிறோம், பிண்டம் கரைக்கிறோம், பிள்ளையாரைக் கரைக்கிறோம்னுதானே? கரையறதைத்தான் கரைக்க முடியும். பிளாஸ்டிக் பையைக் கரைக்கிறேன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றார்.

விதி நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்தியாவில் 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிள்ளையார் சிலைகளுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது, களிமண்தான் வேண்டும் என்று திருத்திய வழிகாட்டுதல் கொடுத்தபோது, சிலர் அதை மதத்தில் தலையிடுவதாக நினைத்தார்கள். ஆனால் களிமண் பிள்ளையார்தான் பழைய பிள்ளையார். கரையாத பிள்ளையார்தான் புதுசு.

நம் நாயன்மார்களில் இருவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் நாகப்பட்டினத்து மீனவர் அதிபத்தர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பஞ்ச காலத்தில் நாளுக்கு ஒரே மீன் கிடைத்தபோதும் அதை விட்டார். பொன்மீன் கிடைத்தபோதும் விட்டார். இன்றும் நாகையில் ஆவணி ஆயில்யத்தன்று பொன்மீன் விடும் விழா நடக்கிறது. அவர் கடலுக்குக் கொடுத்தது எது என்று கவனியுங்கள். கடலில் பிறந்த உயிரை, உயிரோடு, கடலுக்கே கொடுத்தார். தனக்கு வேண்டாததை அவர் கொடுக்கவில்லை. தனக்கு மிகவும் வேண்டியதைக் கொடுத்தார்.

இன்னொருவர் அப்பர் பெருமான். கையில் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிப் பாதை சீர்செய்தவர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவரும் அவர்தான். அவர் கரையேறிய இடம் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரில் இருக்கிறது. நம் மன்றத்தில் மாதம் ஒருமுறை கோயிலில் உழவாரப்பணி செய்கிறோம். பாத்திரம் தேய்க்கிறோம், பிராகாரம் கூட்டுகிறோம். அதே கையோடு கடற்கரைக்கும் போனால் அதுவும் உழவாரம்தானே? தீர்த்தம் என்று நாம் வணங்கும் நீருக்கு அதுவே பிராகாரம்.

8. வீட்டில் பேசியது

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்களில் பலருக்கு இதே நிலை வரும் என்பதால் எழுதுகிறேன்.

பாட்டியிடம் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. வேலை முடிந்து வந்த களைப்பில், பாடம் எடுப்பதுபோல் சொல்லிவிட்டேன்.

"கடல்ல விடறதுகூடத் தப்பாடி?" என்றார் பாட்டி.

"பையோட விட்டா தப்பு பாட்டி. அது கரை ஒதுங்கி, குப்பை வண்டியில..."

பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க தாத்தா சட்டி குப்பை வண்டியிலயா போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு பாட்டி சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியெல்லாம் எனக்கு வரவில்லை. பிள்ளைகளிடம் எவ்வளவு பொறுமையாகப் பேசுகிறோம், வீட்டில் அந்தப் பொறுமை எங்கே போனது என்றுதான் தோன்றியது.

நான்கு நாள் கழித்துத்தான் புதுக்கோட்டை அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுப்பதைச் சொன்னேன். பாட்டி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பெத்த புள்ளை மாதிரி எடுத்து வச்சிருக்கான். அவன் நல்லா இருக்கணும்" என்றார்.

அடுத்த திதிக்குப் பாட்டி தானாகவே பித்தளைச் சொம்பை எடுத்து வைத்தார். பிண்டமும் உதிரிப்பூவும் மட்டும் நீரில். துணியும் சொம்பும் வீட்டுக்குத் திரும்பி வந்தன. பிளாஸ்டிக் பை பேச்சே இல்லை. பேரங்காடியில் பைக்கு 5 காசு வாங்க ஆரம்பித்த 2023 ஜூலையிலிருந்தே பாட்டிக்குப் பை என்றால் பத்திரப்படுத்தும் பொருள்தான். பெரியப்பா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "கொண்டுபோனதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது" என்கிறார். அவருக்கும் அது அப்பா காரியம்தான். அவசரப்படாமல் பேச வேண்டும். சட்டப்படி குப்பை போட்டால் முதல் குற்றத்துக்கு 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம் என்று சொல்லிப் பயமுறுத்தலாம்தான். அப்படி மாறுகிற பெரியப்பா எனக்கு வேண்டாம்.

9. நீங்களும் சேர விரும்பினால்

சம்பள வேலை: பள்ளிகளுக்குக் கற்றல் பயணம் நடத்தித் தரும் சிறு நிறுவனங்கள் ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும் தற்காலிக வழிநடத்துநர்களை எடுக்கின்றன. ஏப்ரலிலேயே விண்ணப்பிப்பது நல்லது. முதலுதவிச் சான்றிதழ் இருந்தால் உதவும். மழையால் நிகழ்ச்சி ரத்தானால் சம்பளம் உண்டா, பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டதால் முதல் ஆண்டில் பல நாள் கூலி போனது. காசாளர் வேலையில் இதைவிட அதிகம் கிடைக்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொண்டூழியம்: செப்டம்பரில் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு. தேசியப் பூங்காக் கழகத்தில் கடலோர உயிர்களைக் கணக்கெடுக்கும் தொண்டூழியப் பணியும் உண்டு. பயிற்சி கொடுத்துத்தான் இறக்குவார்கள்.

தமிழ்நாட்டில் உறவினர் இருந்தால்: சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரம் நடந்து, ஆமை முட்டைகளைத் தேடிப் பொரிப்பகத்தில் சேர்த்துக் காக்கிறார்கள். பருவகால மாணவர் பணி எத்தனை தலைமுறைக்கு நீடிக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

கரைக்குப் போகும்போது: குழுவாகப் போங்கள். ஓத நேரம் பாருங்கள். எண்ணி எழுதுங்கள். அள்ளிய பைகளைக் கரையிலேயே விட்டுவிடாமல், முன்கூட்டியே பேசி வைத்த இடத்தில் சேருங்கள். கரை ஊழியர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் தினமும் செய்வதைத்தான் நாம் ஒரு காலைப் பொழுது செய்கிறோம்.

வழிபாட்டுப் பொருள் கண்ணில் பட்டால், படம் எடுத்துக் கேலியாகப் பரப்ப வேண்டாம். அது யாருடைய துக்கமோ. மரியாதையாக எடுங்கள், ஆனால் எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். நம்முடையது என்பதற்காக அதைக் கணக்கிலிருந்து மறைத்தால், மற்றவர் குப்பையை எண்ணும் உரிமை நமக்கு இருக்காது.

அந்தப் பையனின் கேள்விக்கு அன்று நான் முழுப் பதில் சொல்லவில்லை. "இது யாருடையது?" என்று அடுத்த ஜூனில் வேறொரு பிள்ளை கேட்டால், "எங்களுடையது" என்று சொல்வேன். சொல்லிவிட்டு, இப்போது நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்வேன்.

வாசிப்பு வட்டத்தில் கலந்துபேச:

1. உங்கள் வீட்டில் நீரில் விடும் பொருள்களைப் பட்டியலிடுங்கள். அவற்றில் கரைவது எது, கரையாதது எது?

2. அதிபத்தர் கடலுக்குக் கொடுத்ததற்கும் நாம் கொடுப்பதற்கும் என்ன வேறுபாடு?

3. வீட்டுப் பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? அவர் மனம் புண்படாமல் சொல்ல முடியுமா? இருவர் இருவராக நடித்துப் பாருங்கள்.

4. அடுத்த மாத உழவாரப்பணியைக் கோயிலில் முடித்த கையோடு உலு பாண்டான் கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடக்கலாமா? எழுதும் அட்டையை நான் கொண்டுவருகிறேன். எழுத ஓர் ஆள் வேண்டும்.